எட்வர்ட் மாட்டிய படம்

இந்த அறுப்பின் பண்டிகைக்குள் ஆரம்பாக்கம் சபையில் பெரிய மனுஷனாகிவிடுவது என்று எட்வர்ட் முடிவுகட்டினான். அதற்கான வழி வீட்டுச் சுவரிலேயே தொங்கியது.

அவன் பெண்டாட்டி மோனிகாவுக்குக் கும்மிடிப்பூண்டி பெயின்ட் கம்பெனியில் துப்புரவு வேலை. கலர் பார்த்துவிட்டுக் கழிக்கும் சின்னத் தகடுகளைக் கேட்டு வாங்கிவந்து, நாளுக்கு ஒன்றாகப் பலகையில் ஆணியடித்துத் தொங்கவிட்டு வந்தாள். வரிசைக்கு ஏழு கட்டம். வெள்ளை, நீலம், வெள்ளை. சனிக்கிழமைப் பத்தி மட்டும் மேலிருந்து கீழ்வரை சிவப்பு.

பக்கத்து வீட்டு டிராயிங் டீச்சர் கிறிஸ்டினா அதைப் பார்த்து அசந்துபோனாள். "கட்டமும் கலரும் மட்டும் வெச்சே பெரிய பெரிய படம் பண்றாங்க. இது அந்த மாதிரி கீது."

எட்வர்டுக்கு நல்ல பேர் அவசரமாகத் தேவைப்பட்டது. குடித்துவிட்டு அடிக்கிறான் என்று போன வருஷம் மோனிகா சபை மூப்பர் எபினேசரிடம் போயிருந்தாள். இவன் பைபிள்மேல் கைவைத்து இல்லையென்றான். "ஆதாரம் இல்லாம பேசாதம்மா" என்று மூப்பர் அவளைத்தான் கண்டித்தார். அப்பாவி மனுஷர், நம்பிவிட்டார்.

"இத நான் செஞ்சேன்னு சொல்லப்போறேன். நீ வாயத் தெறக்காத."

"தெறக்கல."

"கேட்டா இன்னா சொல்றது?"

"தெனம் ஒண்ணா, ஒரு நாளும் உடாம செஞ்சேன்னு சொல்லு. கீழ பேர போட்டுக்கோ."

வெள்ளைப் பெயின்டையும் அவளே எடுத்துக்கொடுத்தாள். இப்படியொரு அடக்கமான பெண்டாட்டி எவனுக்கு வாய்க்கும் என்று பூரித்துப்போனான். ஆடு தானாகவே மாலைக்குக் கழுத்தை நீட்டியது.

பண்டிகையன்று சபையில் காணிக்கையாக வந்த பூசணிக்காய், வாழைத்தார்களுக்கு மேலே அவன் பேரோடு பலகை தொங்கியது. மூப்பர் மைக்கோடு வந்தார்.

"முழுக்க நீயே பண்ணதா எட்வர்ட்?"

"ஆமாங்கய்யா. ஒரு நாள் உடல. கர்த்தர் சாட்சி."

மூப்பர் ஆசையாக ஒரு சிவப்புத் தகட்டைக் கழற்றித் திருப்பினார். பின்னால் பேனா எழுத்து. மைக்கிலேயே வாசித்துவிட்டார்.

"மார்ச் பதினாலு, சனிக்கெழம. பெல்ட்டு. முதுவுல ஒம்போது அடி."

இன்னொன்றைத் திருப்பினார்.

"மார்ச் இருவத்தொண்ணு. தலைய செவுத்துல மோதுனது. ஒரு காது கேக்கல."

மூன்றாவதை அவர் வாய்விட்டு வாசிக்கவில்லை.

"இதெல்லாம்... நீ எழுதுனதா எட்வர்ட்?"

மோனிகா முன்னால் வந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"எழுதுனது நானுங்கய்யா. செஞ்சது மட்டும்தான் அவரு."