கட்டத்துக்குள் அடங்கிய நோயாளிகள்

மூளை என்ற ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மனித குலம் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் நம் விஞ்ஞானி அவதரித்தார். பரம்பரைக் கைநடுக்கத்துக்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தவர் அவர். கண்டுபிடிக்க ரத்தம் கொடுத்தவள் அவருடைய அக்கா. தையல் வேலை செய்த அக்காவுக்கு நாற்பது வயதிலேயே கை நடுங்கத் தொடங்கி, ஊசியில் நூல் கோப்பதே பெரும்பாடாகியிருந்தது. ஆய்வுக் கட்டுரையில் அவளுக்கு 'மாதிரி 17' என்ற கௌரவமான பெயர் கிடைத்தது.

அடுத்து மூளையில் ஓர் 'ஏற்பி'யைக் கண்டுபிடித்தார். ஏற்பி என்றால், மருந்து வந்து உட்காருவதற்கு மூளை போட்டுவைத்திருக்கும் நாற்காலி. அதில் கச்சிதமாக உட்காரும் மருந்தும் தயாரானது. எலிகளின் நடுக்கம் நின்றது. இனி மனிதர்கள்தான் பாக்கி.

சோதனைக்கு முதல் ஆளாக வந்து நின்றாள் அக்கா.

"இது மட்டும் பலிச்சா மறுபடியும் மிஷின்ல உட்காந்துருவேன்டா தம்பி."

விஞ்ஞானிக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா என்றால் அவருக்கு உயிர். ஆனால் விஞ்ஞானம் கண்ணீரால் நடப்பதல்ல, படிவத்தால் நடப்பது.

சம்மதப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். முதல் எழுத்து கட்டத்துக்குள் விழுந்தது. மற்றவை பக்கம் முழுக்க உலா போயின.

"கட்டத்தைத் தாண்டிடுச்சு. விதி பதினாலின்படி செல்லாது" என்றார் ஆய்வு அலுவலர்.

"கை நடுங்குதுங்க. அதுக்குத்தானே வந்திருக்கேன்?"

"கைநாட்டு வச்சா?" என்று கேட்டார் விஞ்ஞானி.

"அது எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு சார். இவங்களுக்குத்தான் நல்லாத் தெரியுதே!"

"நான் கையைப் பிடிச்சுக்கிட்டா?"

"அப்ப அது உங்க கையெழுத்தாயிடும்."

விதிகளை வகுத்த குழுவின் தலைவர் சாட்சாத் நம் விஞ்ஞானிதான். தான் வகுத்த விதியைத் தானே மீறினால் உலகம் என்னாவது? அவர் கனிவோடு சொன்னார்: "நடுக்கம் கொஞ்சம் குறைஞ்சதும் வாக்கா. சேத்துக்கறேன்."

கட்டத்துக்குள் முத்து முத்தாகக் கையெழுத்திட்ட நூற்றுப்பத்துப் பேருக்கு ஆறு மாதம் மருந்து கொடுக்கப்பட்டது. முடிவில் ஒருவருக்குக்கூடக் கை நடுங்கவில்லை. 'நூறு சதவீத வெற்றி' என்று அறிக்கை வந்தது. மாலை மேல் மாலை விழ, விஞ்ஞானிக்கு உச்சி குளிர்ந்தது.

பாராட்டு விழா முடிந்ததும் அக்கா மேடையோரம் வந்தாள். இப்போது தலையும் சேர்ந்து ஆடியது.

"நல்லாயிருடா தம்பி" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"அடுத்த தடவை கண்டிப்பா உனக்கு ஒரு வழி பண்றேன்க்கா."

"என்னை விடு. அப்பாவுக்கு வந்துச்சு, எனக்கு வந்துச்சு. உனக்கும் அதே ரத்தம்தானே? அந்தப் படிவத்துல இப்பவே ஒரு கையெழுத்துப் போட்டு வச்சுக்கோ. உன்னை மாதிரி ஒரு தம்பிகிட்ட நீயும் போய் நிக்கவேண்டி வரும்."