இடது பின்கதவைத் தொடாதீங்க அத்தான்

உல்சான்,
ஏப்ரல் 17, வியாழன்

தேகு நகரில் மனைவி மக்களோடு வாழும் மைத்துனர் மா ஜோங்தே அவர்களுக்கு, அக்காள் கணவன் தாக் யூன்ஷிக் எழுதிக்கொள்வது.

இந்த வருடமும் பாலைவனத்து மஞ்சள் தூசி காற்றோடு தவறாமல் வந்து இறங்கிவிட்டது. உன் தொண்டை எப்படி இருக்கிறது, உன் மாமியாரின் முழங்கால் வீக்கம் வடிந்ததா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்றெல்லாம் கேட்பது முறை. கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் நடுவில் சிரிப்பாய் என்பதால்தான் கடிதம்.

அடுத்த வாரம் சனிக்கிழமை சம்பந்தி பியோன் போஹாங்கிலிருந்து வருகிறார். என் நீலக் காரை நம் பெண் சேர்யோங்குக்கும் மருமகனுக்கும் கொடுக்கப்போகிறேன், அதைப் பார்த்து எடுத்துப் போகத்தான். மனிதர் முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இடிபட்ட கார்களை முகர்ந்து பார்த்தவர். இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிட்ட அன்று நான் எழுந்து நின்று பேசியது உனக்கு நினைவிருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து நண்டு உடைத்துக்கொண்டிருந்தாய். "இருபத்தெட்டு வருஷம் டவுன் பஸ் ஓட்டினேன், ஒரு கீறல் கிடையாது. என் சொந்தக் காரும் அப்படித்தான். கம்பெனியில அடிச்ச பெயின்ட் மேல இன்னொரு பெயின்ட் பட்டதில்ல. ஒரு குடும்பத்தோட லட்சணத்தைப் பார்க்கணும்னா அவங்க காரைப் பாருங்க" என்றேன். சம்பந்தி தலையை ஆட்டினார். அந்த வீட்டில் நம் பெண்ணின் பேச்சுக்கு மதிப்பு இருக்குமா இருக்காதா என்பது அந்தத் தலையாட்டலில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அப்பேர்ப்பட்ட காரை வெயிலில் நிறுத்திப் பார்த்தால் மேலெல்லாம் வட்ட வட்டமாகச் சிலந்தி வலைக் கீறல். உன் அக்கா பத்து வருடமாகத் துடைத்த துணியின் கைங்கரியம். பாலிஷ் போட வேண்டும், பாலிஷ் மெஷினில் எந்தப் பஞ்சு பேடை மாட்டுவது என்று உன்னைக் கேட்டேன். நீ கார் பாலிஷ் சங்கத்தில் துணைச் செயலாளராம். ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு, கார் கழுவும் இடத்தில் பதினாறு பேர் சேர்ந்து ஒரு காரின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்ப்பதற்கு ஒரு சங்கம், அதற்கு ஒரு செயலாளர் போதாதென்று ஒரு துணைச் செயலாளர். அந்தப் பதவியின் முழு கனத்தோடு நீ சொன்னாய்: "கறுப்பு பேட் மட்டும் வாங்குங்க அத்தான். ரொம்ப மிருது. மத்த கலர் பக்கம் போகவே போகாதீங்க. அப்புறம், இடது பின்கதவைத் தொடாதீங்க அத்தான். வெயில்ல பெயின்ட் மெலிஞ்சிருக்கும்."

பத்து வருடமாக என் கார் நிற்பது எங்கள் அடுக்குமாடியின் நிலவறையில். அங்கே எலிக்குக்கூட வெயில் படுவதில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும். நானோ துணைச் செயலாளர் சொல்கிறாரே என்று கேட்டுக்கொண்டேன்.

உன் கறுப்பு பேட் ஒரு காலைப்பொழுது முழுக்கச் சுற்றியது. ஒரு கீறலும் போகவில்லை, என் மணிக்கட்டுதான் மரத்துப்போனது. குழந்தைக்குப் பவுடர் போடுகிற பஞ்சுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசம்தான், குழந்தையாவது சிரிக்கும். சரியென்று கடைக்குப் போனேன். அங்கே ஒரு சுவர் முழுக்க பேட். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு கீறலை அறுத்தெடுக்குமாம், பக்கத்துக் கம்பெனியின் ஆரஞ்சு சும்மா தடவிக் கொடுக்குமாம். ஒருவனுடைய மஞ்சள் கெட்டி, இன்னொருவனுடைய மஞ்சள் மெத்தை. நான் பஸ் ஓட்டியவன். சிவப்பு என்றால் எந்தத் தெருவிலும் நில் என்றுதான் அர்த்தம், தெருவுக்குத் தெரு மாற்றினால் ஊரில் ஒருவன் உயிரோடு இருக்க முடியாது. இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். விரலால் அழுத்திப் பார்த்து, கெட்டியாக இருந்த வெள்ளை பேட் இரண்டை நானே தேர்ந்தெடுத்தேன்.

ஞாயிறு காலை கார் கழுவும் இடத்தில் முன் பானட்டை முடித்தேன். கண்ணாடி. பேட் வெள்ளையாகவே இருந்தது. என் முகம் அதில் தெரிந்ததைப் பார்த்ததும் ஒரு பெருமிதம் வந்தது, மறைப்பானேன். அந்தப் பெருமிதத்தில், நீ தொடாதே என்ற கதவுக்கும் மெஷினைக் கொண்டுபோனேன். இரண்டே சுற்று. பேட் நீலமாகிவிட்டது.

நேரே கடைக்குப் போய், சாயம் போகிற பேடை விற்றாயே என்று சத்தம் போட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "சார், வெள்ளை பேட்ல நீலச் சாயம் எங்கேர்ந்து வரும்?" என்றார் கடைக்காரர். இந்த முறை கொட்டாவி விடவில்லை, நன்றாக விழித்துக்கொண்டுதான் கேட்டார்.

திரும்பி வந்தபோது பக்கத்துத் தடுப்பில் ஹ்வாங்போ அம்மா தன் வெள்ளைக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர். வாய்க்குள் பார்க்கிற நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டுதான் காரையும் பார்ப்பார். என் கதவருகே குனிந்தவர் நிமிரும்போதே உதட்டைப் பிதுக்கினார்.

"இது கட்டின பல்லு சார்."

"என்னம்மா சொல்றீங்க?"

"கம்பெனி பெயின்ட்டுக்கு மேல கலரே இல்லாத ஒரு பூச்சு இருக்கும். பேட் அதைத்தான் தேய்க்கும், அதனால கலர் ஒட்டாது. இங்க அந்தப் பூச்சே இல்ல. எவனோ மலிவா அடிச்சிருக்கான். கதவு இடிபட்டிருக்கு சார், உங்களுக்குத் தெரியாதா?"

அதோடு விட்டாரா, வலது முன்சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டையும் ஒருமுறை தேய்த்துப் பார்க்கலாமா என்று கேட்டார். எனக்கு வேலை இருந்தது, கிளம்பிவிட்டேன்.

வீட்டில் உன் அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நீலமான பேடை அவள் முன்னால் வைத்தேன். அவள் பேடைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஜோங்தே சொல்லிட்டானா?" என்றாள்.

மூன்று வருடத்துக்கு முன் பஸ் டிரைவர்கள் எல்லோரும் சேர்ந்து ஜேஜு தீவுக்குப் போனோமே, அந்த மூன்று நாளில் நடந்ததாம். வெந்நீர்க் குளியல் கூடத்தின் கார் நிறுத்துமிடத் தூணில் கதவைத் தேய்த்துவிட்டு உனக்குப் போன் செய்திருக்கிறாள். நீ தேகுவிலிருந்து ஓடிவந்து, யாரோ ஒரு பெயின்டரைப் பிடித்து, நான் கப்பலிலிருந்து இறங்குவதற்குள் வேலையை முடித்திருக்கிறாய். இப்போது விளங்குகிறது ஏன் கறுப்பு பேட் என்று. கறுப்பில் நீலம் ஒட்டினால் எந்தக் கண்ணுக்குத் தெரியும்? வெட்கம் கெட்டவனே, மூன்று வருடமாக என் வீட்டு மேசையில் உட்கார்ந்து என் கார் பெருமையைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே நண்டு தின்றிருக்கிறாய். உன் அக்காவையாவது பயந்துபோனாள் என்று விடலாம். மனைவி கணவனிடம் ஒரு காரின் உண்மையை மறைக்கிற வீட்டில் வேறு எதைத்தான் நம்புவது என்று அவளிடம் கேட்டேன். அவள் பூண்டை உரித்துக்கொண்டே இருந்தாள்.

ஆகவே கேட்டுக்கொள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீ கோட்டு போட்டுக்கொண்டு இங்கே வருகிறாய். சம்பந்தி முன்னால் குனிந்து நின்று, "கதவை இடிச்சது நான், அத்தானுக்கு ஒண்ணுமே தெரியாது, அவர் கை சுத்தம்" என்று சொல்கிறாய். பிறகு நண்டு கிடையாது, நேரே வீட்டுக்குப் போகிறாய். சங்கத்திலும் ராஜினாமா செய்தால் நல்லது, பேட் பாவம்.

உன் தொண்டை தேறட்டும், மாமியாரின் முழங்கால் மடங்கட்டும், பிள்ளைகள் உன்னைப்போல் ஆகாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
ஒரு கீறலும் இல்லாத
தாக் யூன்ஷிக்

பின்குறிப்பு: சனிக்கிழமை நீ வர வேண்டாம். நான் மேலே உள்ளதை எழுதிக்கொண்டிருந்தபோது உன் அக்கா மனது கேட்காமல், மிச்சமிருந்த வெள்ளை பேடையும் மெஷினையும் எடுத்துக்கொண்டு கீழே போயிருக்கிறாள். மீதியையாவது நாமே பளபளப்பாக்கிவிடலாம் என்று வலது முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். இப்போது அந்த இரண்டாவது பேடும் இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, நீலமாக. போன வருடத்துக்கு முந்தின வருடம் உன் வீட்டில் உன் அக்காவும் வந்து எல்லோரும் சேர்ந்து குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டீர்களே, அந்த மூன்று நாள் நான் இங்கே தனியாக இருந்தேன். மீன் சந்தை வாசலில் ஒரு கல்தூண் இருக்கிறது. அப்போது பெயின்டர் என்னைக் கேட்டான், "காரோட நீலம் அடிக்கட்டுமா, கதவோட நீலம் அடிக்கட்டுமா?" என்று. கிறுக்கன் என்று நினைத்தேன். உன் அக்கா பூண்டை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள், முப்பத்தைந்து வருடத்தில் இப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. கறுப்பு பேட் இரண்டு உடனே அனுப்பு. காரை முற்றத்தில் நிறுத்திவிட்டு, சம்பந்தியைப் பதினோராம் மாடிக்குக் கூட்டிவந்து பால்கனியிலிருந்து காட்டலாம் என்று அவளே யோசனை சொல்கிறாள். கூரையை இன்னும் யாரும் இடிக்கவில்லை.