கத்திரி அக்காவின் மூன்றாவது குழாய்

தரமணியில் எத்தனையோ ஆய்வகங்கள் இருக்கலாம். ஆனால் அடுத்தவர் எச்சிலுக்குக் கத்திரி அக்கா அளவுக்கு அஞ்சிய ஜீவன் உலகத்திலேயே கிடையாது. அவர் மேசைக்கு மூன்றடிக்குள் யாரும் வாய் திறக்கக் கூடாது. அவருக்கு ஜூனியரான எனக்குத் தும்மல் வந்தால் மாடிப்படி வரை ஓடிப்போய்த் தும்மிவிட்டு வருவேன்.

காரணம் இருந்தது. அவர் ஆராய்ந்தது ஆர்.என்.ஏ. அதைச் சிதைக்கும் நொதி நம் விரலிலும் இருக்கிறது, எச்சிலிலும் இருக்கிறது. பட்டால் தீர்ந்தது கதை.

'கத்திரி' என்ற பெயருக்கும் காரணம் உண்டு. வைரஸ் ஒரு செல்லுக்குள் பெருகும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருவாகும். செடிகளும் பூச்சிகளும் அதை ஒரு கத்திரி நொதியால் துண்டு போட்டு, அந்தத் துண்டுகளையே அடையாளமாக வைத்து வைரஸை வேட்டையாடும். எலி, மனிதன் போன்ற பாலூட்டிகளும் அப்படிச் செய்கின்றனவா என்பதில்தான் சண்டை.

"நமக்குத்தான் இன்டர்ஃபெரான் இருக்கே, வைரஸ் நுழைஞ்சா வீடு பூரா மணி அடிச்சு எழுப்பிடுது. அப்புறம் கத்திரி எதுக்கு?" என்பார் பேராசிரியர்.

"கத்திரியும் இருக்கு சார். வைரஸ் ஒரு புரதத்தை வெச்சு அதை மறைக்குது. அந்தப் புரதத்தைப் பிடுங்கிட்டாத் தெரியும்" என்பார் அக்கா. ஐந்து வருஷமாக இதே பதில். கேன்டீனில் தோசையை ஒரே அளவில் வெட்டி வைத்துக்கொண்டு, "துண்டெல்லாம் இருபத்திரண்டு எழுத்து நீளத்துல குவிஞ்சா அது கத்திரி வேலை. கன்னாபின்னான்னு கிடந்தா வெறும் சிதைவு" என்று விளக்குவார். சூடான தோசையை அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

புரதம் பிடுங்கிய வைரஸ் தொற்றிய செல்களின் ஆர்.என்.ஏ., கடைசியில் மூன்று குழாய்களில் மிஞ்சியது. அவருடைய ஆய்வுக் காலமோ அந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் காட்டாவிட்டால் ஆய்வேட்டில் அந்த அத்தியாயமே இருக்காது.

அந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை. குளிர்பெட்டி முதல் நுண்ணோக்கி வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பவர் ஆய்வக உதவியாளர் தாஸ் அண்ணன். துளித் துளியாக அளந்து எடுக்கும் தன் பிபெட்டில் மட்டும் 'தொடாதீர்கள்' என்று சீட்டு ஒட்டியிருந்தார் அக்கா.

பூஜை முடிந்ததும் இரண்டு குழாய்களைச் சோதனைக்குத் தயார்செய்து அனுப்பினார். முடிவு வந்தது. எல்லா நீளத்திலும் துண்டுகள், பொடிப்பொடியாக. "வெறும் சிதைவு" என்றார் அக்கா. தாஸ் அண்ணன் தயங்கித் தயங்கி வந்தார்.

"யம்மா, எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுக்கினு வந்தேனா, உன்னுது மட்டும் மொட்டையா கீது. மனசு கேக்கல, வெச்சுட்டேன். அப்பால நீ திட்டுவியேன்னு நானே தொடைச்சும் வெச்சுட்டேன்."

"நல்லாத் தொடைச்சீங்களா?"

"பளபளன்னு. எச்சி தொட்டு."

அப்போது பேராசிரியர் உள்ளே வந்தார். "என்னாச்சு?" நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தார்.

"என் தப்பு சார். பிபெட்டைச் சுத்தம் பண்ணாம எடுத்துட்டேன்."

மூன்றாவது குழாயைத் திறந்த அன்று வாசலில் தாஸ் அண்ணன் காவல். "உள்ள போவாத நைனா, அக்கா வேலையா கீது" என்று பேராசிரியரையே நிறுத்திவிட்டார்.

இந்த முறை வரைபடத்தில் இருபத்திரண்டு எழுத்து நீளத்தில் ஒரு முகடு எழுந்தது. சின்னது, ஆனால் தெளிவானது. பேராசிரியர் அந்த முகட்டை விரலால் சுட்டிக் காட்டினார்.

"ஒரே ஒரு குழாய்மா. கத்திரியை நீக்கின செல்லுல இது வரக் கூடாது. அதையும் காட்டணும்."

"தெரியும் சார்" என்றார் அக்கா. அதற்கு மாதத்தில் நாள் மிச்சமில்லை. அன்று மாலையே அந்த அத்தியாயத்தைத் தன் கையால் நீக்கினார்.

இப்போது அவர் வெளியூரில். அவர் மேசை எனக்கு. கத்திரி நீக்கிய செல்லில் செய்ய வேண்டிய அந்தச் சோதனையும் எனக்கு. இந்த ஆயுத பூஜைக்குத் தாஸ் அண்ணன் கையுறை மாட்டிக்கொண்டு, பிபெட் பெட்டியின் மூடிமேல் மட்டும் பொட்டு வைத்தார். இதைச் சொல்ல அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் எடுத்துவிட்டார். மேசையிலிருந்து மூன்றடி தள்ளிப் போன பிறகுதான் நான் "ஹலோ" என்றேன்.