ஆமை அரைத்த மாவு

ஒரு காட்டில், மின்கம்பி வந்து சேராத மூலையில், சுடலைமுத்து என்ற கரடி இட்லிக்கடை வைத்திருந்தது. இட்லி வெந்ததே தவிர உப்பவில்லை. ஒருநாள் காலை அதைக் கடித்த சிங்கராஜாவுக்குக் கடைவாய்ப்பல் ஆடிவிட்டது.

"நாளைக்கும் வருவேன். இதே இட்லி என்றால் கடைக்குப் பூட்டு," என்று தாடையைப் பிடித்துக்கொண்டு போனார்.

கடையில் மாவு அரைப்பது வெள்ளையம்மா என்ற யானை. பெரிய ஆட்டுக்கல்லின் குழவியைத் துதிக்கையால் பிடித்தால், அடுப்பு மூட்டுவதற்குள் மாவு தயார். கோளாறே அங்கேதான். ஓர் அண்டா மாவு அரைக்கத் தேவையான ஆற்றல், யார் அரைத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை எவ்வளவு சீக்கிரம் செலவிடுகிறோம் என்பதற்குப் பெயர் திறன். வெள்ளையம்மாவுக்குத் திறன் அபாரம். அத்தனை ஆற்றலும் ஒரே மூச்சில் இறங்கியதால், வெளியேற நேரமில்லாத சூடு மாவிலேயே தங்கியது. புளிக்கவைக்க வேண்டிய நுண்ணுயிர்கள் வெந்து செத்தன. கரடிக்கு இதெல்லாம் தெரியாது. உளுந்து மட்டம் என்று அது நம்பியது. இருந்தாலும் வெள்ளையம்மாவை ஒரு வார்த்தை திட்டியது. வெள்ளையம்மா கோபித்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டது.

வேலை கேட்டு வந்தது நாச்சிமுத்து என்ற ஆமை ஒன்றுதான்.

"குழவியில நீளமா ஒரு கட்டையப் பூட்டிக் குடுங்க அண்ணாச்சி. யானை செய்யிற வேலைய நானும் செய்வேன்."

கரடி பூட்டிக் கொடுத்தது. ஆமை சுற்றத் தொடங்கியது. உச்சிவெயில் போனது. பொழுது சாய்ந்தது.

"ஏலே நாச்சிமுத்து, இன்னும் எம்புட்டுடே?"

"வேலை ஒண்ணுதானே அண்ணாச்சி? எதுக்குப் பறக்கிய?"

"வேலை ஒண்ணுதாம்டே! விடிஞ்சா ராஜா வந்து நிப்பாரே! அரைச்சி, அதப் பொறவு புளிக்க வைக்கணுமே!"

விடிந்தது. ராஜா வந்து உட்கார்ந்தபோது ஆமை கடைசிச் சுற்றில் இருந்தது. கரடி கண்ணை மூடிக்கொண்டு ஆட்டுக்கல்லுக்குள் கரண்டியை விட்டது. உள்ளே மாவு நுரைத்துப் பொங்கி நின்றது. அரைத்த நேரத்திலேயே அது புளித்தும் முடிந்திருந்தது.

இட்லி பஞ்சு. ராஜா தட்டையும் நக்கிவிட்டு, "அரைத்தது யார்?" என்றார்.

"நாச்சிமுத்து, மகாராஜா. வேகம்தான் கொஞ்சமும் கிடையாது."

"இந்த நிதானம் அல்லவா நம் நிர்வாகத்தில் இல்லை!" என்ற ராஜா, அன்றே ஆமையைத் தீயணைப்புத் துறைக்கு அதிகாரியாக்கினார்.

அடுத்த வாரம் கரடியின் கடைக் கூரையில் தீப்பிடித்தது. நாச்சிமுத்து உடனே புறப்பட்டது. தீயை அணைக்க எவ்வளவு தண்ணீர் வேண்டுமோ அவ்வளவையும் ஆற்றிலிருந்து மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. சாம்பல் நன்றாக நனைந்தது.

நீதி: மெதுவாக வேலை செய்வதில் தவறில்லை; புளிக்கிற வேலையாகப் பார்த்துச் சேர வேண்டும்.