சவரம் முடியும் வரை பேசக் கூடாது

இனிமேல் மடக்குக் கத்தியால்தான் முகம் மழிப்பது என்று ஒரு நாள் காலையில் முடிவெடுத்தேன். ஆண்பிள்ளை என்று இருந்தால் ஏதாவது ஒரு விஷயத்திலாவது சொந்தமாக முடிவெடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் என் முடிவுக்கு மிச்சமிருந்த ஒரே இடம் என் முகம். அதிலும் மீசை என் மனைவியின் யோசனை.

வழக்கமாகப் போகும் சலூன்காரரிடம் கெஞ்சி ஒரு சவரக்கத்தி வாங்கினேன். கூடவே தீட்டுவதற்கு ஒரு சாணைக்கல்லும் தோல்வாரும்.

"சார், இது விளையாட்டுச் சாமான் இல்லை. தோலை ஒரு கையால இழுத்துப் பிடிங்க. முடி படிஞ்சிருக்கிற பக்கமாவே கத்தியை விடுங்க. கழுத்துக்கு வந்துட்டா பேசக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது."

"என் மனைவி பேசினா?"

"அவங்களையும் பேச வேண்டாம்னு சொல்லிடுங்க."

"அதை நீங்களே ஒரு நடை வந்து சொல்லிட்டுப் போங்களேன்."

அவர் வரவில்லை. அவருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது.

தோல்வாரைக் குளியலறைக் கதவின் தாழ்ப்பாளில் மாட்டினேன். அதனால் தாழ்ப்பாள் போட முடியாது, கதவைச் சாத்தி வைக்கத்தான் முடியும். கத்தியை வாரில் தேய்க்கும்போது அதன் முதுகு முன்னால் போக வேண்டும், கூர் பின்னால் வர வேண்டும். மாற்றி இழுத்தால் வார் அறுபடும். எங்கள் வீடும் அதே ஏற்பாட்டில்தான் நடக்கிறது. வெளியே நாலு பேர் பார்க்க முன்னால் போகும் முதுகு நான். கூர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள் கன்னத்தில் பாதி முடித்திருப்பேன்.

"என்னங்க! பால் வாங்கப் போகலையா?" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல்.

துள்ளி விட்டேன். தாடையில் சிவப்பாக ஒரு கோடு. பஞ்சோடு ஓடி வந்தவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அவள் கண் கலங்கினால் எனக்கு மனசு தாங்காது. ஆனால் அடுத்து அவள் சொன்னதைக் கேட்டதும் தாராளமாகத் தாங்கியது.

"நல்லவேளை, கழுத்துல படலை. இனிமே நீங்க கையில கத்தி எடுத்துட்டா இந்த வீட்ல யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். 'யாரும்' என்றால் அவள்தான்.

மறுநாள் முதல் பாலை அவளே வாங்கி வந்தாள். சிலிண்டரை அவளே மாற்றினாள். நானோ சட்டைக்குள் பேப்பரை ஒளித்துக்கொண்டு குளியலறைக்குள் போவேன். முகம் முழுக்க நுரையைப் பூசிக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பேன். பக்கம் திருப்பும்போதெல்லாம் வாரில் சட் சட்டென்று ஓர் இழுப்பு. எல்லாம் படித்து முடித்த பிறகுதான் முகத்தின் ஞாபகமே வரும். கல்யாணத்துக்குப் பிறகு இப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை.

இந்தக் கத்தி இன்னொரு ஆபத்திலிருந்தும் என்னைக் காப்பாற்றி வந்தது. அந்த ஆபத்து என் மனைவியின் அண்ணன். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு தடவை சொல்வார். தன் வீட்டை இடித்துக் கட்டுகிறார். அது முடியும் வரை எங்கள் வீட்டு முன்னறையில் தங்க வேண்டுமாம். முன்னறையில் ஜன்னலோரம் என் சாய்வு நாற்காலி இருக்கிறது. அதை விட்டால் எனக்குச் சொத்தென்று வேறு எதுவும் கிடையாது.

"என்னங்க, அண்ணன் விஷயம்..."

"கையில கத்தி! கையில கத்தி!"

சாயங்காலம் மறுபடி ஆரம்பிப்பாள். நான் சாணைக்கல்லைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவேன்.

"விளக்கு வச்சப்புறம் யாராவது கத்தி தீட்டுவாங்களா?"

"தீட்டி எண்ணெய் தடவி வச்சாத்தான் துருப்பிடிக்காது. பேசாதே, கை நடுங்குது."

அவள் சமையலறைக்குப் போய்விடுவாள். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஒரு நாள் காலையில் வாசலில் பேப்பரைக் காணோம்.

"பேப்பர் வரலையா?"

"காணோமே" என்றாள், கீரை ஆய்ந்துகொண்டே.

பேப்பர் இல்லாத குளியலறையில் மனிதன் என்னதான் செய்வான்? வேறு வழியில்லாமல் உள்ளே போனதுமே மழிக்கத் தொடங்கினேன். கன்னம் முடிந்து கழுத்துக்கு வந்தேன். முகவாயைத் தூக்கி, தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைக் குரல்வளையில் வைத்தேன்.

கதவு மெதுவாகத் திறந்தது.

"அசையாதீங்க, பேசாதீங்க" என்றாள் மிகவும் அன்பாக. "ஒண்ணே ஒண்ணு. வீடு முடியுற வரைக்கும் அண்ணன் நம்ம முன்னறையில இருக்கட்டுமா? வேண்டாம்னா தலையை மட்டும் ஆட்டுங்க."

கத்தியை எடுத்துவிட்டு 'வேண்டாம்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எடுக்கத்தான் போனேன். அப்போதுதான் கண்ணாடியில் பார்த்தேன். அவள் தோளுக்குப் பின்னால், கையில் பெட்டியோடு என் மச்சான் நின்றிருந்தார். பெட்டியோடு வந்து நிற்பவரின் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்லும் தைரியத்தை எந்தச் சாணைக்கல்லில் தீட்டுவது? கத்தி இருந்த இடத்திலேயே இருந்தது.

"தலையை ஆட்டலை, பாத்தியாண்ணா?"

"மாப்பிள்ளைக்குச் சம்மதம். மாப்பிள்ளைக்குச் சம்மதம்."

கத்தியை இறக்கினேன். "வாங்க மச்சான்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் கத்தியைப் பார்த்தார். "நல்ல கத்தி, மாப்பிள்ளை. நல்ல கத்தி" என்றார். பிறகு முன்னறைக்குப் போனார். என் சாய்வு நாற்காலி முனகும் சத்தம் குளியலறை வரை கேட்டது.

"இது அநியாயம்" என்றேன் ரகசியமாக.

"எது அநியாயம்? பழைய பேப்பரை எடைக்குப் போடக் கட்டுற அன்னிக்கெல்லாம் பாக்கிறேன், சினிமாப் பக்கத்துல சோப்பு நுரை காஞ்சு ஒட்டியிருக்கு. நிஜமா நீங்க எப்போ கழுத்துல கத்தி வைப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான்."

சமையலறைக்குப் போய் மாவு டப்பாவுக்கு அடியிலிருந்து அன்றைய பேப்பரை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே வாரில் சட் சட்டென்று ஓர் இழுப்பு. பிறகு நெடுநேரம் நிசப்தம். பிறகு காகிதம் புரளும் சத்தம். மறுபடியும் ஓர் இழுப்பு.

அந்தச் சங்கதி எனக்குத் தெரியாதா? கதவைத் தட்டக் கையை ஓங்கினேன்.

என் மனைவி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"ஷ்ஷ்! அண்ணன் கையில கத்தி இருக்கு. அவர் முடிச்சுட்டு வர்றதுக்குள்ள நீங்க போய்ப் பால் வாங்கிட்டு வந்துடுங்க."