மூடி கழற்றிய படலம்

எங்கள் வீட்டில் அடிக்கடி சூடாவது இரண்டு. ஒன்று கம்ப்யூட்டர். இன்னொன்றைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் கிடையாது. அதனால் கம்ப்யூட்டரைக் குளிர வைப்பது என்று ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தேன்.

அது என் மனைவியுடைய கம்ப்யூட்டர். கட்டப்போகும் கட்டடம் கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று அதில் படம் செய்து கொடுப்பது அவள் தொழில். படம் தயாராகும்போது உள்ளே இருக்கும் மின்விசிறி, வீடே மேலே கிளம்பிவிடும் போல இரையும். அந்தச் சத்தத்தில் என் பகல் தூக்கம் கெடுகிறது. பொதுநலத்தோடு இப்படிக் கொஞ்சம் சுயநலமும் உண்டு.

"கம்ப்யூட்டருக்கு மூளை பிராசசர்தான். அது தலைமேல ஒரு உலோக மூடி இருக்கு. அதைக் கழட்டிட்டு, குளிர வைக்கிற விசிறியை நேரா மூளை மேலயே உக்கார வச்சா, சூடு சர்ருனு இறங்கிடும்."

"யார் சொன்னா?"

"வீடியோல பாத்தேன்."

"மிக்சி சத்தத்தைக் குறைக்கிறேன்னு கழட்டினீங்களே, அதுவும் வீடியோதானே?"

"சத்தம் குறைஞ்சுதா இல்லையா?"

"குறைஞ்சுது. அதுக்கப்புறம் அது வாயே திறக்கல."

"இது வேற. ஒரு பிளேடு போதும். ஓரத்துப் பசையை அறுத்தா டப்பா மூடி மாதிரி வந்துடும்."

"இங்க பாருங்க, அந்த ஆஸ்பத்திரிக் கட்டடப் படம் நாளைக்குச் சாயங்காலம் போய்ச் சேரணும். இல்லைன்னா வேலை வேற ஆளுக்குப் போயிடும். நீங்க மட்டும் கை வச்சீங்க..."

வாக்கியத்தைப் பாதியில் விடுவதில் அவள் கெட்டிக்காரி. மிச்சத்துக்கு நானே பயந்துகொள்வேன். "சேச்சே, நான் தொடுவேனா?" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

மறுநாள் காலை நடை முடிந்து நான் திரும்பியபோது, அவள் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். "கட்டட வேலை நடக்கிற இடம் வரைக்கும் போயிட்டு வரேன். கம்ப்யூட்டர் அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் அந்தச் சிரிப்பைப் பார்த்தே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கதவைத் தாழிட்டேன். பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. நம் வீடு எவ்வளவு சுத்தம் என்று பெருமைப்பட்டேன். பிராசசருக்கு மேலே சூட்டைக் கடத்தத் தடவியிருந்த பசை புத்தம் புதிதாக வெள்ளை வெளேரென்று இருந்தது. கம்பெனிக்காரன் தரமான ஆள்தான் என்று மெச்சிக்கொண்டேன். புத்திசாலிக்கு எதைப் பார்த்தாலும் ஒரு விளக்கம் கிடைத்துவிடும்.

தீப்பெட்டி அளவுகூட இல்லாத பிராசசரை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, பிளேடை ஓரத்தில் நுழைத்தேன். கொஞ்சம் அழுத்தினேன். அசையவில்லை. கொஞ்சம் பலமாக அழுத்தினேன். 'டக்'கென்று ஒரு சத்தம். மூடி ஒரு பக்கம் போனது. மூளையில் ஒரு துண்டு இன்னொரு பக்கம் போனது.

எல்லாவற்றையும் பழையபடி பொருத்தி, வேண்டாத தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டு, சுவிட்சைப் போட்டேன். திரை கன்னங்கரேலென்று இருந்தது. ஒன்று மட்டும் உண்மை, கம்ப்யூட்டர் ஜில்லென்று இருந்தது.

மத்தியானம் அவள் வந்ததும் நான் கதவருகிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"கழட்டிட்டேன்ம்மா. உடைஞ்சு போச்சு. உன் வேலையைக் கெடுத்துட்டேன். அந்த ஆஸ்பத்திரிக்காரங்க கால்ல வேணா நான் போய் விழறேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அமைதியாக உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"இனிமே?"

"ஸ்க்ரூடிரைவர் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"உன்மேல சத்தியமா."

"என்மேல வேண்டாம். உங்க பகல் தூக்கத்து மேல பண்ணுங்க."

பண்ணினேன். அவள் கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தாள். உள்ளே பஞ்சுக்கு நடுவில், மூடியோடு, முழுசாக, ஒரு பிராசசர்.

"இதுதான் நம்மளோடது. நீங்க உடைச்சது ரிப்பேர் கடையில வாங்கின செத்தது. காலைல நீங்க நடக்கப் போனப்ப மாத்தி வச்சேன். அப்படியே தூசியும் தட்டினேன். விசிறி முழுக்க அடைஞ்சு கிடந்துது."

ஏமாந்தோமே என்று கோபப்படக்கூடத் தோன்றவில்லை. அவளே பிராசசரைப் பொருத்தினாள். கம்ப்யூட்டர் உயிர் பெற்றது, நானும் பெற்றேன். படம் தயாராகத் தொடங்கியது. விசிறி பூனைக்குட்டி மாதிரி மெல்ல முனகியது. சூடு நான் கனவு கண்டதைவிடக் கீழே நின்றது. சாயங்காலத்துக்கு முன்பே படம் போய்ச் சேர்ந்தது.

"ஏம்மா, முதல்லயே சொல்லித் தடுத்திருக்கலாமே?" என்றேன்.

"தடுத்தா ஃப்ரிட்ஜைக் கழட்டியிருப்பீங்க."

அவள் மூக்குக்கண்ணாடிக் கூட்டின் அடியிலிருந்து இன்னொரு பிராசசரை எடுத்து அலமாரிக்குள் பத்திரப்படுத்தினாள்.

"அது எதுக்கு? நான்தான் சத்தியம் பண்ணிட்டேனே?"

"கடைக்காரர்தான் செத்ததை ரெண்டா வாங்கிக்கச் சொன்னார். சத்தியம் பண்ற புருஷனுக்கு ஒண்ணு பத்தாதாம்."