உள்பெட்டிக்குப் பிடித்த சனி

ஆரணிக்கென்று கொண்டுவந்த வெறுந்தேத்தண்ணியை அருட்செல்வன் கணினிக்குப் பருக்கிவிட்டான்.

கை தடுமாறியதற்குக் காரணம் இருந்தது. கோப்பையை நீட்டியபோது ஆரணி நிமிர்ந்து சிரித்தாள். அவ்வளவுதான். கடையின் பழைய கணினி ஒருமுறை விக்கியது, புகைந்தது, ஓய்ந்தது.

"சீனி போட்டதோ?" என்று கேட்டாள் ஆரணி.

"ஓம்."

"அப்ப தப்பாது."

நல்லூர்க் கோயிலுக்குக் கிட்ட, பிள்ளைகள் படிக்கும் ஒரு ரியூசன் சென்ரருக்குப் பக்கத்தில் இருந்தது கடை. போட்டோக்கொப்பியும் உண்டு. ஆனால் சோறு போட்டது கலியாணத்துக்குச் சாதகக் குறிப்புப் பொருத்தம் பார்ப்பதுதான். வாக்கியப் பஞ்சாங்கப்படி பொருத்தம் பார்க்கும் அந்த மென்பொருளை எழுதியவர் எப்போதோ சுவிஸுக்குப் போய்விட்டார். அது பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஆகவே ஆரணி கணினிக்குள்ளேயே ஒரு பாவனைக் கணினியை உண்டாக்கி, அதற்குள் பழைய விண்டோஸைக் குடியிருத்தியிருந்தாள். கடையில் அதற்கு 'உள்பெட்டி' என்று பெயர். கணினி வேலை ஆரணியுடையது. வருகிறவர்களோடு கதைப்பதும் தேத்தண்ணி ஊற்றுவதும் அருட்செல்வனுடையது.

கடைக்கு வருகிற எல்லோருக்கும் அவன் 'அண்ணை'. ஆரணிக்கு மட்டும் 'இஞ்சை பாருங்கோ'. மனைவிமார் கணவனைக் கூப்பிடும் முறை அது; அதில் அவனுக்கு இரகசியமாக ஒரு சந்தோசம்.

புதுக் கணினி வந்தது. ஆரணி உள்பெட்டியைப் பத்திரமாக அதற்குள் மாற்றினாள். அச்சுவேலியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு, அவர்கள் கதிரையில் உட்கார்ந்து முடிவதற்குள் பொருத்தம் வந்துவிட்டது.

அப்போதுதான் அருட்செல்வனின் அம்மா தங்கமுத்துவின் அழைப்பு வந்தது.

"தம்பி, ஒரு குறிப்பு வந்திருக்கு. எழுது."

"ஆரின்ரை குறிப்பு, அம்மா?"

"பேரைச் சொன்னால் நீ முகத்தை நினைப்பாய். முதல் பொருத்தம், பிறகு பேர். நட்சத்திரமும் கட்டமும் மட்டும் எழுது. ஒருத்தருக்கும் காட்டாதை."

அது தங்கமுத்துவின் சட்டம். பொருந்தாமல் போனால் அந்த வீட்டுப் பிள்ளையின் பெயர் ஊரில் அடிபடக்கூடாது.

"இதுவும் பொருந்தாட்டி?"

"இதுதான் கடைசி. பொருந்தாட்டி நீ ஆரைக் காட்டுறியோ அவளைக் கட்டு. நான் வாய் திறக்கமாட்டன்."

அருட்செல்வனுக்கு நெஞ்சு துள்ளியது. அவனுடைய செவ்வாய் இருந்த இருப்புக்கு இதுவரை ஒரு குறிப்பும் ஒத்துவந்ததில்லை. இதுவும் வராது. வராத கையோடு ஆரணியிடம் மனதில் உள்ளதைச் சொல்லிவிடலாம். கொப்பிக் கடையில் பேப்பருக்குப் பஞ்சமில்லை, ஆனால் பேப்பர் ஆரணியின் கண்ணில் படுமே! உள்ளங்கையில் எழுதிக்கொண்டு உள்பெட்டியின் முன் குந்தினான்.

"இஞ்சை பாருங்கோ, கையுக்கை என்ன?"

"ஒண்டுமில்லை. ஒரு குறிப்பு."

"உங்களுக்கோ? பொம்பிளை பாக்கினமோ?"

"அம்மா சும்மா..."

ஆரணி தன் மேசைக்குப் போய்த் தன் கணினியில் ஏதோ தட்டினாள்.

உள்பெட்டி படுத்துவிட்டது. சுட்டியை அசைத்தால் அம்பு சற்றுநேரம் யோசித்துவிட்டு நகர்ந்தது. நட்சத்திரத்தின் பெயரைத் தட்டினால் முதலெழுத்து மட்டும் எட்டிப் பார்த்தது.

"ஆரணி, இது ஏன் இழுக்குது?"

"புது வீடு. பழகவேணுமெல்லோ."

"மற்றாக்களின்ரை குறிப்பு ஓடுதே!"

"அப்ப உங்கடை சனியாயிருக்கும்."

அருட்செல்வனுக்குக் குறிப்பில் நம்பிக்கை கிடையாது, விற்கிறவன் அவன். ஆனாலும் அடுத்தடுத்த நாட்களில் உறுதியாயிற்று. ஊராரின் குறிப்புகள் பறந்தன. அவன் தன்னுடையதைத் தொட்டதும் உள்பெட்டி முழங்காலில் நடந்தது. வீட்டில் வலக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளித்தான். நனைந்தால் வியாழன் அழிந்துவிடும்.

கணினிக் கடை வைத்திருந்த நண்பன் கீர்த்திகனிடம் போனில் கேட்டான்.

"மச்சான், உள்ளுக்கை நினைவகம் போதாது. அள்ளிக் குடு!" என்றான் கீர்த்திகன்.

அருட்செல்வன் அள்ளிக் கொடுத்தான். இருந்த நினைவகம் அவ்வளவையும் உள்பெட்டிக்கே கொடுத்தான். வெளியே இருந்த கணினி மூச்சுமுட்டி நின்றது. அது நின்றதும் உள்பெட்டியும் நின்றது.

"முழு வீட்டையும் விருந்தாளிக்குக் குடுத்திட்டு வீட்டுக்காரனை முற்றத்திலை படுக்கவிட்டால் ஆர் சமைக்கிறது?" என்று ஆரணி எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினாள். வேகம் மட்டும் பழையபடி ஆகவில்லை.

"சூடாயிருக்கும்," என்று அருட்செல்வன் வீட்டிலிருந்து மேசை மின்விசிறியைக் கொண்டுவந்து, போட்டோக்கொப்பி இயந்திரம் செருகியிருந்த அதே இடத்தில் செருகினான். டப்பென்று கரண்ட் நின்றது. ஒரே இணைப்பில் இருந்த ரியூசன் சென்ரரும் இருண்டது. பிள்ளைகள் போட்ட கூச்சல் கோயில் வீதிவரை கேட்டது. இரசாயன மாஸ்ரர் கையில் வெண்கட்டியோடு வந்து நின்றார்.

"ஆர் ஐசே கரண்டை நிப்பாட்டினது?"

"சனி, மாஸ்ரர்."

மாஸ்ரர் அவனுடைய உள்ளங்கையைப் பார்த்தார். அங்கே இராகுவும் கேதுவும் வியர்வையில் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தன. வந்த வழியே திரும்பிப் போனார்.

ஆரணி வங்கிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், தங்கமுத்து மறுபடி போன் எடுத்தாள். அருட்செல்வன் போனை ஸ்பீக்கரில் சத்தமாக வைத்து மேசையில் கிடத்தினான்.

"தம்பி, அங்காலை, பொம்பிளை வீட்டிலை கேட்டுக்கொண்டிருக்கினம். என்ன முடிவு?"

"பொறுங்கோ அம்மா. இண்டைக்கு நானோ இதுவோ!"

உள்பெட்டியின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். கடைசியில் ஓர் அளவுகோல் தென்பட்டது. உள்பெட்டி எவ்வளவு வேகத்தில் ஓடலாம் என்று சொல்லும் கோல். அதன் முள் அடியிலே கிடந்தது.

அதைப் பிடித்து மேலே தள்ளினான்.

உள்பெட்டி சிலிர்த்தெழுந்தது. எழுத்துகள் ஓடின, கட்டங்கள் நிரம்பின. "பிடிச்சிட்டன்! அம்மா, நான் பிடிச்சிட்டன்!" கதிரையிலிருந்து துள்ளினான். கீர்த்திகனால் முடியாததை, தேத்தண்ணி ஊற்றுகிறவன் செய்துவிட்டான்!

திரையில் முடிவு வந்தது: உத்தமப் பொருத்தம்.

அருட்செல்வன் மெதுவாக மறுபடி குந்தினான். ஒருவருக்கும் ஒத்துவராத செவ்வாய், இன்றைக்குப் பார்த்து ஒத்துவந்திருந்தது.

வாசலில் ஆரணி. திரையையும் அவன் முகத்தையும் பார்த்தாள்.

"ஆரணி, வேகத்தை ஆர் குறைச்சது?"

இந்தமுறை அவள் சுற்றி வளைக்கவில்லை.

"நான்தான். என்ரை மேசையிலை இருந்தே குறைச்சனான். நீங்கள் உங்கடை குறிப்பைத் தொடுற நேரமெல்லாம். இண்டைக்கு வங்கிக்குப் போகமுதலும்."

"ஏன்?"

"பொருந்தினால் தலையாட்டிக்கொண்டு போய்க் கட்டிப்போடுவியள். உங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தத் தெரியும், வாய் திறக்கத் தெரியாது."

"ஐயோ, நான் பொருந்தக்கூடாதெண்டுதானே இவ்வளவு பாடும் பட்டனான்! பொருந்தாட்டி உம்மை... உம்மை..."

"என்ன, அதுகும் இழுக்குதோ?"

"உம்மைக் கட்டுறதெண்டு இருந்தனான்!"

ஆரணியின் கண் நிறைந்தது. அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, "இப்ப பொருந்திப் போச்சே," என்றான்.

மேசையில் துண்டிக்காமலே கிடந்த போன் இருமியது.

"பிள்ளை ஆரணி," என்றாள் தங்கமுத்து, "கோயிலடியிலை வைச்சு உன்ரை அம்மா என்னட்டைத் தந்த உன்ரை குறிப்பைத்தானே நீ இவ்வளவு நாளும் ஓடவிடாமல் இழுத்துப் பிடிச்சு வைச்சிருந்தனி!"